பூச்சி வரும் ஜன்னல்

எங்கள் வீட்டில் யாரும் ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் அதை நல்லது என்று சொன்னது கிடையாது. கோட்டாற்றுக் கடைத்தெருவில் என் அப்பாவுக்குக் கருப்பட்டி, புளி, சுக்கு மொத்த வியாபாரம். சரக்கு வந்து இறங்கினால் ஒரு கருப்பட்டியை எடுத்து உடைத்து ஒரு துணுக்கை நாக்கில் வைப்பார். தேன் மாதிரி இனித்தாலும் முகம் மட்டும் வேப்பங்கொழுந்து தின்ற முகமாகிவிடும். சுண்ணாம்பு தூக்கலாக இருக்கிறது என்பார், பாகு முறுகிவிட்டது என்பார், கடைசியில் ஒரு பெருமூச்சு விடுவார். சரக்கு எவ்வளவு உசத்தியோ பெருமூச்சு அவ்வளவு நீளம். பெருமூச்சே விடாமல் "சரி, பாப்போம்" என்று எழுந்துவிட்டால் சரக்கு மட்டம், வாங்கமாட்டார். அவரிடம் விற்க வருகிறவர்களுக்கும் இது தெரியும். பெருமூச்சு காதில் விழுந்த பிறகுதான் அவர்கள் வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார்கள்.

என் மனைவி பகவதியும் இதே மாதிரி வீட்டில் பிறந்தவள். அவள் அப்பாவுக்குக் கொப்பரை வியாபாரம். பெண் பார்க்கப் போன அன்று என் அப்பா, பெண்ணுக்கு உயரம் கூடுதல், நடையில் ஒரு அவசரம் இருக்கிறது, காப்பியில் இனிப்புப் போதாது என்று அடுக்கினார். அவள் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்து, பையனுக்குத் தோள் இறங்கியிருக்கிறது, முன்நெற்றி இப்போதே மேலே ஏறுகிறது என்றார். இரண்டு பக்கத்தாருக்கும் மனதாரப் பிடித்துவிட்டது என்று எனக்கும் விளங்கிவிட்டது, கதவுக்குப் பின்னால் நின்ற அவளுக்கும் விளங்கிவிட்டது. அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

இப்படி வளர்ந்த நாங்கள் ஒரு வீடு வாங்கவேண்டி வந்தது.

அப்பா காலமான பிறகு அண்ணன் தம்பி மூன்று பேரும் பாகம் பிரித்துக்கொண்டோம். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. பழைய வீடு அண்ணனுக்கு, வயல் தம்பிக்கு, கடை எனக்கு. தை பிறந்ததும் நான் வேறு வீடு பார்த்துப் போய்விடுவதாகப் பேச்சு. திருவிதாங்கூர் சக்கரம் செல்லாமல் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. கடைத்தெருவில் கிழவர்கள் மட்டும் இன்னும் சக்கரத்தில் கணக்குச் சொல்லி எல்லோரையும் குழப்பிக்கொண்டிருந்தார்கள்.

பகவதி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அடுக்களையில் வெளிச்சம் வேண்டும். பழைய வீட்டில் ஓரகத்திகள் மூன்று பேருக்கும் ஒரே அடுக்களை. அதற்கு ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள ஒரு கையகல ஓட்டை. நடுப்பகலிலும் சிம்னி விளக்கு எரியும். குழம்பு கொதித்ததா என்பதைக் காதால் கேட்டும், கீரை வெந்ததா என்பதை விரலால் தொட்டும்தான் அவள் இத்தனை வருஷம் சமைத்துப் போட்டாள். வேறு எதுவும் அவள் கேட்டதில்லை என்பதால் இதைக் கொடுக்காமல் போனால் என் முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இருந்தது.

நான் வண்டி வண்டியாகச் சரக்கு வாங்கியவன். ஒரு நாளும் நெஞ்சு படபடத்தது இல்லை. வீடு என்றதும் சோறு இறங்கவில்லை. சுக்கு கேட்டவருக்குப் புளியை நிறுத்தேன். காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. சரக்கைத் தப்பாக வாங்கிவிட்டால் கொஞ்சம் நஷ்டத்துக்கு அடுத்தவன் தலையில் கட்டிவிடலாம். வீடு என்பது விற்பதற்காக வாங்குவது இல்லை. தப்பாக வாங்கினால் அந்தத் தப்புக்குள்ளேயே படுத்து, அந்தத் தப்புக்குள்ளேயே எழுந்து, ஆயுசு முழுக்க அங்கேயே பல் விளக்கவேண்டும்.

பார்த்த வீடுகளிலெல்லாம் ஏதோ ஒன்று இடித்தது. பிறகு ஒருநாள் தரகர் ஐயப்பன் கடைக்கு வந்து, இராஜாக்கமங்கலம் போகிற ரோட்டில், ஊர் எல்லை தாண்டினதும் ஒரு ஓட்டுவீடு இருக்கிறது என்றார். சொந்தக்காரி வியாகுலம்மாள், ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கொத்தனாருக்குப் பக்கத்திலேயே நின்று கட்டிய வீடு. இப்போது முழங்கால் மடங்கவில்லை, தனியாகக் கிணற்றில் தண்ணீர் இறைக்க முடியவில்லை. திருவட்டாற்றில் இருக்கும் தங்கை தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள்.

பார்க்கப் போகும்போது என் மைத்துனன் தாணுமாலயனையும் கூட்டிக்கொண்டோம். மாமனாருக்குப் பிறகு கொப்பரை வியாபாரத்தைப் பார்ப்பவன் அவன். குறை சொல்வதில் கோட்டாற்றில் அவனுக்கு மிஞ்சி ஆள் கிடையாது. சூரியன் உதித்தாலும், கொஞ்சம் பிந்திவிட்டது என்பான். வில்வண்டியில் போகும்போதே எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தான். அத்தான் கூரையைப் பார்க்க வேண்டும், அக்கா அடுக்களை, கிணறும் மரமும் அவன் பொறுப்பு. யாரும் சிரிக்கக்கூடாது. எதைப் பார்த்தாலும் "கொள்ளாம்", அதாவது நன்றாக இருக்கிறது, என்று வாயிலிருந்து வரவே கூடாது. துண்டுக்கு அடியில் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசலாம் என்று பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வந்திருந்தான். எதிராளி பெண்பிள்ளை என்று பாதி வழியில் ஞாபகம் வந்ததும் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

வீட்டைப் பார்த்ததும் எனக்கு உள்ளே ஏதோ குதித்தது. உயரம் போதுமான கூரை. முற்றத்தில் பூவரசு நிழல். தெற்கிலிருந்து கடல்காற்று வந்து, வாசலில் உத்தரவு கேட்காமல் வீட்டைக் கடந்து பின்பக்கம் போய்க்கொண்டிருந்தது. வியாகுலம்மாள் வெள்ளைச் சேலையில் கம்பு ஊன்றி நின்றார். கண்ணாடிக்குள் கண்கள் மட்டும் ஆஸ்பத்திரியில் இருப்பதுபோல் எங்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்தன. தான் சொன்ன விலையைத் தரகர் சொல்லியிருப்பாரே என்று மட்டும் கேட்டார். பிறகு ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போனார்.

நாங்கள் வேலையைத் தொடங்கினோம். உத்திரத்தைத் தட்டிப் பார்த்து, சத்தம் பொத்தலாகக் கேட்கிறதே என்றேன். கேட்டது நல்ல தேக்கின் கனத்த சத்தம். தாணுமாலயன் கிணற்றை எட்டிப் பார்த்து, கடல் பக்கம், தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும் என்றான், ஒரு சொட்டுக் குடித்துப் பார்க்காமலே. தென்னை சாய்ந்திருக்கிறது, மதில் கோணியிருக்கிறது, ரோட்டுப் புழுதி உள்ளே வரும் என்று சொல்லிக்கொண்டே போனான். குறைகளே இல்லாத இடத்தில், இவ்வளவு சுத்தமாக வைத்திருந்தால் புழங்குவது கஷ்டம் என்றான்.

கடைசியாக அடுக்களை. கிழக்குச் சுவரில் அரைச் சுவர் அகலத்துக்கு ஒரு ஜன்னல். கீழே வழவழவென்று தேய்ந்த பலாமரக் கட்டை. அடுப்புக்கு மேல் புகை போக வழி. வெயில் அடுப்பு மேடையில் வாழையிலை விரித்த மாதிரி கிடந்தது. பகவதி உள்ளே போய் நின்றாள். தாணுமாலயன் தொண்டையைச் செருமினான்.

"இந்த ஜன்னல் வழியா பூச்சி வரும்" என்றாள் அவள். சொல்லும்போது அவள் கை அந்த ஜன்னல் கட்டையின் மேல் இருந்தது. திரும்பி வரும்போதுதான் எடுத்தாள்.

வியாகுலம்மாள் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. யோசித்துச் சொல்லியனுப்புகிறேன் என்றார். வண்டியில் ஏறியதும் தாணுமாலயன் தொடையில் தட்டிக்கொண்டான். எதிர்ப்பேச்சு இல்லை, விலை தானாக இறங்கும், நாலு நாள் பேசாமல் இருந்தால் போதும் என்றான். நாங்கள் மூன்று பேரும் அப்பாவைப் போல நீளப் பெருமூச்சு விட்டுக்கொண்டு சந்தோஷமாக ஊர் திரும்பினோம்.

மறுநாளே ஐயப்பன் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அவங்க சொன்னதை அப்படியே சொல்லட்டா?" என்றார். "அந்தப் பிள்ளைமாருக்கு என் வீட்டில ஒண்ணுமே பிடிக்கல்ல. பிடிக்காத வீட்டில கிடந்து அவங்க எதுக்குக் கஷ்டப்படணும்? பிடிச்ச ஆளு வரட்டும், கொடுக்கேன். இதாக்கும் பேச்சு."

தாணுமாலயனுக்கு முதலில் புரியவே இல்லை. வாழ்க்கையில் அவன் கேட்டிராத நியாயம் அது. "பிடிக்காமலா வே இவ்வளவு நேரம் நின்னு குறை சொன்னோம்?" என்று ஐயப்பனைக் கேட்டான். ஐயப்பன், அவங்க சர்க்கார் சம்பளம் வாங்கினவங்க, நம்ம பேச்சு அவங்களுக்கு எப்படித் தெரியும் என்று கையை விரித்துவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னபோது பகவதி, அப்படியா என்று மட்டும் கேட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. மறுநாள் ரசத்தில் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவளுக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தாள். மூன்றாம் நாள் வெற்றிலை மடித்துக் கொடுக்கும்போது பகவதியே பேச்சை எடுத்தாள்.

"கொள்ளாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா விலை ஏறும்ட்டீ."

"சொல்லாம வீடு போச்சு. இப்போ எந்த விலையை இறக்கப் போறியளோ?"

நியாயம்தான். திரும்பவும் போய்ப் பார்ப்பது, இந்தத் தடவை வீட்டை வாய்விட்டுப் புகழ்வது என்று முடிவாயிற்று. அப்போதுதான் தெரிந்தது, எங்களுக்குப் புகழ வராது. தாணுமாலயன் வந்து உட்கார்ந்து பழகிப் பார்த்தான். "மோசமில்லை" என்றான். அது போதாது என்றாள் அவன் அக்கா. இதைவிட மோசமான வீடெல்லாம் பார்த்திருக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முயன்றான், வேர்த்துப்போனது. இவன் வாயைத் திறக்காமல் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கையில் ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கடையிலேயே நல்ல கருப்பட்டியாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டோம்.

வியாகுலம்மாள் எங்களை எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் நாற்காலி போட்டார். நான் தொடங்கினேன். முதல் தரமான வீடு என்றேன். கலப்படமே இல்லாத தேக்கு, தெற்கே கன்னியாகுமரியிலிருந்து வடக்கே கொல்லம் வரை தேடினாலும் இப்படி ஒன்று கிடைக்காது, இன்றைக்கு விட்டால் நாளைக்கு இருக்காது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். எனக்கே வியப்பாக இருந்தது, எவ்வளவு சரளமாக வருகிறது என்று. அந்த அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"பிள்ளைவாள், என் வீட்டை எனக்கே விக்கப் பாக்கியளா?"

எங்களுக்குப் புகழ்ச்சி தெரிந்திருந்தது, ஆனால் விற்கும்போது பேசுகிற புகழ்ச்சி மட்டும்தான். அதைத்தான் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். தாணுமாலயன் கூரையைப் பார்த்தான். கூரையில் சொல்ல ஒரு குறையும் இல்லாததால் மறுபடி தரையைப் பார்த்தான். இதற்குமேல் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போகவேண்டியதுதான் பாக்கி.

அப்போது பகவதி, ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு, நர்சம்மா அடுக்களையில் நான் ஒரு காப்பி போடலாமா என்று கேட்டாள். ஒரு பெண் கேட்டால் மறுக்க முடியாத கேள்வி அது. போடு என்று அந்த அம்மா தலையசைத்தார்.

நாங்கள் காத்திருந்தோம். கருப்பட்டி உடைக்கிற சத்தம் கேட்டது, விறகு பற்றுகிற சத்தம் கேட்டது, சுக்கு வாசம் வந்தது. காப்பி மட்டும் வரவில்லை. வியாகுலம்மாள் கம்பை ஊன்றி எழுந்து உள்ளே போனார். பின்னாலேயே நாங்களும் போனோம். பகவதி கரண்டியில் கருப்பட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஜன்னல் வெயிலில் மெதுவாக ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. கவனித்ததும் வெட்கப்பட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கொதிக்கும்போது இது கறுப்புன்னே நெனச்சிருந்தேன், நர்சம்மா. செவப்பா இருக்கு" என்றாள். பிறகு, இனி மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல, "எனக்கு இந்த ஜன்னல் வேணும்" என்றாள்.

தாணுமாலயன் தலையில் கைவைத்துக்கொண்டான். கருப்பட்டி வியாபாரியின் மருமகளாக வந்து, வருஷக்கணக்காகத் தினமும் காய்ச்சி, அதன் நிறத்தை இன்றைக்குத்தான் ஒருத்தி பார்க்கிறாள். கடையில் உட்கார்ந்து அதே கருப்பட்டியைப் பகல் முழுக்க வெயிலில் உடைத்துப் பார்த்த எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வியாகுலம்மாள் அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் தானே இறக்கிவைத்தார். "அன்னைக்கே பாத்தேன் மக்கா. வாய் பூச்சி வரும்னு சொல்லிச்சு, கை கட்டையை விடல்ல. வாயும் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார்.

காப்பியைக் குடித்துக்கொண்டே நான், அம்மா முதலில் சொன்ன விலையே எனக்குச் சம்மதம் என்றேன். கோட்டாற்றில் எங்கள் குடும்பத்தில் கேட்ட விலைக்குத் தலையாட்டிய முதல் ஆள் நான்தான். விலையை இங்கே எழுதினால் இன்றைக்குப் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள், அதனால் எழுதவில்லை. ஆனால் அதைச் சொல்லி முடித்ததும் நடந்ததுதான் விசேஷம். அந்த அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. அவ்வளவு வேண்டாம் என்றார்.

பின்சாய்ப்பு ஐப்பசி மழைக்கு ஒழுகும் என்றார். ஓடு மாற்றினால் சரியாகிவிடும், அது ஒரு குறையா என்றேன். தெற்கு மூலைத் தென்னை சரியாகக் காய்ப்பதில்லை என்றார். மரம் இன்னும் இளசு, காய்க்கும் என்று தாணுமாலயன் தன்னை மறந்து சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். வாசல் கதவு மழைக்காலத்தில் முட்டும், அதற்காகவாவது குறைத்துக்கொள்ளவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். நல்ல மரம் என்றால் மழைக்கு ஊதத்தான் செய்யும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவர் இறக்க, நான் ஏற்ற, இதுவரை எந்தச் சந்தையிலும் நடக்காத பேரம் அந்த அடுக்களையில் நடந்தது. தாணுமாலயனால் தாங்க முடியவில்லை. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிட்டான்.

கடைசியில் அவர்தான் ஜெயித்தார். நின்ற விலை, தாணுமாலயன் முதல்நாள் மனதில் போட்டு வைத்திருந்த விலையைவிடக் கொஞ்சம் குறைவு. ஊர் வந்து சேரும்வரை அவன் என்னோடு பேசவில்லை.

கார்த்திகையில் பத்திரம் பதிந்தாயிற்று. இனி நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று நினைத்தேன். மறுநாளே பழையபடி சோறு இறங்கவில்லை. விலையை இறக்க நாங்கள் சொன்ன குறைகளெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பி வந்தன. உத்திரம் உண்மையிலேயே பொத்தலோ? தண்ணீர் உப்போ? கருப்பட்டி கலக்காமல் குடித்தே பார்க்கவில்லையே. கடைத்தெருவில் தாணுமாலயன் முதல்நாளே எல்லாக் குறையையும் பரப்பியிருந்ததால் தெரிந்தவர்களெல்லாம் என்னிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார்கள். சாக்குச் சொல்லிக்கொண்டு நான் அடிக்கடி அந்தப் பக்கம் போய்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்த்தேன். தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. நாலைந்து தடவை போன பிறகு வியாகுலம்மாள் வராந்தாவிலிருந்தே, ருசி மாறிவிட்டதா பிள்ளைவாள் என்று கேட்டார். அதன் பிறகு போகவில்லை.

தை பிறந்தது. பழைய வீட்டிலிருந்து சாமான்கள் ஏறின. ஓரகத்திகள் மூன்று பேரும், இத்தனை வருஷம் ஒரே அம்மிக்குச் சண்டை போட்டவர்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். எல்லாம் ஏற்றி முடித்த பிறகும் பகவதியைக் காணவில்லை. பழைய அடுக்களையில் இருட்டில் நின்றுகொண்டிருந்தாள். கரி படிந்த சுவரில் கையை வைத்து, "என்ன இருட்டு, என்ன புகை, மனுஷி நிப்பாளா இதில? கிடக்கட்டு சவம்" என்றாள். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தாள். கை முழுக்கக் கரி. புது வீடு போய்ச் சேரும்வரை அவள் அதைக் கழுவவில்லை.

வியாகுலம்மாளின் வண்டியும் அன்றைக்குத்தான். நாங்கள் பால் காய்ச்சுவதைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் முதலில் உள்ளே போயின. மாதா படம் இருந்த மாடத்தை அவர் துடைத்து வைத்திருந்தார். பகவதி அதிலேயே தன் விளக்கை ஏற்றினாள். ஜன்னல் வெயிலில் பால் பொங்கி வழிந்தது, எல்லோரும் குலவையிட்டார்கள், கூட அந்த அம்மாவும் தெரிந்த மட்டில் ஒரு குலவை போட்டார்.

அதற்குப் பிறகு அவர் வண்டியில் ஏறவேண்டியதுதான். ஏறவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போனார். முற்றம் கூட்டிக் கூட்டி முதுகே போய்விட்டது என்றார். உப்புக்காற்றில் ஆணியெல்லாம் துருப்பிடிக்கிறது, பூவரசு இலை உதிர்த்தே கொல்கிறது, ராத்திரி கடல் சத்தத்தில் தூக்கம் கிடையாது என்றார். நான் பழக்கத்தில், அதெல்லாம் ஒரு குறையா என்று ஆரம்பித்தேன். இறக்குவதற்கு விலை ஏது இப்போது? அந்தச் சமயம் அவர் தூணில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். நீளமான பெருமூச்சு. அப்படி ஒன்றை என் அப்பாவிடம்தான் நான் கேட்டிருக்கிறேன், அதுவும் அபூர்வமான சரக்கு வந்த நாட்களில்.

சட்டென்று பகவதியின் கரிக் கை ஞாபகம் வந்தது. நான் பேச்சை மாற்றிக்கொண்டேன். ஆமாம் நர்சம்மா, மோசமான வீடுதான், எப்படித்தான் இருந்தீர்களோ என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அதற்குமேல் சொல்ல வரவில்லை. வராந்தாவில் பாய்க்கட்டை இறக்கிக்கொண்டிருந்த தாணுமாலயனைக் கூப்பிட்டேன்.

"மச்சான், வா. நர்சம்மாவுக்கு இந்த வீட்டைப் பத்திச் சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான், அந்த அம்மாவைப் பார்த்தான். அவனுக்கு எதையும் விளக்கவேண்டி இருக்கவில்லை. இத்தனை நாள் அடக்கிவைத்த வாய். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து தொடங்கினான்.

"இது ஒரு வீடாம்மா? இந்தப் படியைப் பாத்தேளா, ஏறினா இறங்கணும், இறங்கினா ஏறணும். வெளிச்சமா, ஒரேயடியா வெளிச்சம், மனுஷன் பகல்ல எங்க போய்க் கண்ணை மூடுவான்? காத்தா, கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி, ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகுது, இருந்து பேசுகதா? தண்ணி ரொம்ப இனிப்பு, இவங்களுக்கெல்லாம் சீக்கு வரப்போகுது. உத்திரம் இப்பிடி கனமா இருந்தா, நாளைக்கு இவங்க பேரன் பேத்தி காலத்திலயும் விழாது. எப்போதான் புது வீடு கட்டுகது? நீங்க தப்பிச்சீங்க. ஓடிப் போயிருங்க."

வியாகுலம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் உதட்டால், பிறகு தோள் குலுங்க. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார், கண்ணையும் துடைத்தார், மறுபடி சிரித்தார். அவன் அவருக்கு முன்னால் குறை சொல்லிக்கொண்டே நடந்தான். அவர் அதைக் கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். அடுக்களை, அறை, வராந்தா, முற்றம், பூவரசு என்று ஒவ்வொன்றையும் அவன் திட்டித் தீர்க்க, அவர் ஒவ்வொன்றையும் கையால் ஒருமுறை தட்டிவிட்டு நகர்ந்தார். எப்போது வாசலுக்கு வந்தார், எப்போது வண்டியில் ஏறினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பகவதி கருப்பட்டிப் பெட்டி ஒன்றை வண்டியில் வைத்து, சித்திரையில் கட்டாயம் வரவேண்டும் என்றாள். வருவேன், வந்து இன்னும் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பேன் என்றார் அவர். வண்டி ரோட்டில் திரும்பும்வரை தாணுமாலயன் கூடவே நடந்து மதில் கோணியிருப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனான். அவர் சிரிப்பு திருப்பம் தாண்டியும் கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் புது வீட்டில் முதல் தடவையாக நான் இரண்டாம் சோறு கேட்டு வாங்கினேன். பகவதி காப்பி வைத்துவிட்டு அடுக்களையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலில் அந்தி வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. அதன் வழியாக ஒரு வண்டு, உள்ளே இருப்பவர்களை ஏற்கெனவே தெரிந்த மாதிரி நேராக வந்து, விளக்கை ஒரு சுற்றுச் சுற்றி, என் டம்ளரில் விழுந்தது.

பகவதி எழுந்து, விரலால் அதை எடுத்து ஜன்னல் கட்டையின் மேல் விட்டாள். அது காலை உதறிக்கொண்டு எழுந்தது.

"அன்னைக்கே சொன்னேன்லா, பூச்சி வரும்னு" என்றாள். சொல்லிவிட்டு, அந்தக் கட்டையில் கையை வைத்துக்கொண்டு, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.